ஆஞ்சியோபிளாஸ்டியின்போது பேஸ்மேக்கர் கம்பி எதற்கு? கேத் லேப் வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் கேத் லேபில், அதாவது இதய ரத்தக் குழாயின் அடைப்பைப் பலூனாலும் ஸ்டென்ட் என்ற வலைக்குழலாலும் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி நடக்கும் அறையில், செவிலியராக இருக்கிறேன். கதவைத் திறந்துகொண்டு நான் வெளியே வந்தால் போதும், பெஞ்சில் காத்திருக்கும் காசிமேடும் தண்டையார்பேட்டையும் வியாசர்பாடியும் எண்ணூரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும். அடைப்பு, பலூன், ஸ்டென்ட் ஆகியவை இப்போது எல்லோருக்கும் பழகிய சொற்கள். ஆனால் "கூடவே ஒரு கம்பி வைத்து மின்தூண்டல் கொடுக்க வேண்டியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னதும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போன கை நின்றுவிடுகிறது.

அப்போது என்னிடம் கேட்கப்படும் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு என்ன செய்வது என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். அவர் சொல்வது புரிய வேண்டும் என்பதற்காக மட்டுமே இது.

"சிஸ்டர், அடைப்பு ரத்தக் குழாயில்தானே இருக்கிறது? அதற்குக் கரண்ட் எதற்கு?"

வீட்டில் தண்ணீர்க் குழாய் ரிப்பேருக்கு வருபவர் வேறு, ஒயரிங் வேலைக்கு வருபவர் வேறு. இதயத்தில் அப்படிப் பிரிக்க முடியாது. அதன் ஒயரிங்குக்கு உயிர் கொடுப்பதே குழாய்தான். வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் கணு என்ற சிறிய திசுவில் மின்துடிப்பு பிறக்கிறது. அது நடுவில் உள்ள ஏ.வி. கணு வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. ஏ.வி. கணுவைக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற எல்லாமே அந்த ஒரு வழியில்தான் கடந்தாக வேண்டும். கேட் மூடிக்கொண்டால் நின்றவர்கள் நின்றபடிதான்.

சைனஸ் கணுவுக்கு ஏறக்குறைய 10 பேரில் 6 பேருக்கும், ஏ.வி. கணுவுக்கு 10 பேரில் 8, 9 பேருக்கும் ரத்தம் கொண்டுவருவது வலது கரோனரி தமனி, அதாவது இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்களில் வலது பக்கத்தது. அந்தத் தமனி அடைத்துக்கொண்டாலும், அதற்குள் பலூனை ஊதினாலும், அடைப்பு நீங்கி ரத்தம் பாய்ந்தாலும் துடிப்பு சட்டென்று 30, 40 என்று இறங்கலாம். சில விநாடிகள் நின்றும் போகலாம். அந்த இடைவெளியில் வெளியிலிருந்து கொடுக்கும் மின்தூண்டலுக்குப் பேசிங் என்று பெயர். அது அடைப்பை எடுக்காது. டாக்டர் அடைப்பை எடுத்து முடிக்கும்வரை இதயத்தை ஓட வைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

"பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள் என்கிறார்களே. இனி அப்பா செல்போன் பேசக் கூடாதா?"

பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த வினை இது. நிரந்தர பேஸ்மேக்கர் என்பது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் தைத்து வைக்கும் சிறிய கருவி. அது ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆஞ்சியோபிளாஸ்டியின்போது வைப்பது தற்காலிகமானது. கம்பி மட்டும் இதயத்துக்குள் இருக்கும். மின்துடிப்பு தரும் பெட்டி வெளியே, டிரிப்ஸ் கம்பத்திலோ படுக்கைக் கட்டையிலோ தொங்கும். வேலை முடிந்ததும் கம்பியை உருவிவிடுவார்கள். கேஸ் ஷீட்டில் "டி.பி.ஐ." என்று எழுதியிருந்தால் தற்காலிகம், "பி.பி.ஐ." என்றால் நிரந்தரம்.

1958-இல் நியூயார்க்கில் சீமோர் ஃபர்மன் என்ற மருத்துவர் சிரை வழியாகக் கம்பியை இதயத்துக்குள் செலுத்திப் பேசிங் செய்தபோது, பெட்டி ஒரு தள்ளுவண்டியில்தான் இருந்தது. சுவரில் உள்ள பிளக்கில் அதைச் செருக வேண்டும். நாங்கள் இன்று மாட்டித் தொங்கவிடுவது கையடக்கமான பெட்டி, பேட்டரியில் ஓடுவது. செல்போனைப் பொறுத்தவரை, நிரந்தரக் கருவி வைத்தவர்களும் பேசலாம். கருவி இருக்கும் பக்கத்துச் சட்டைப்பையில் போனை வைக்கக் கூடாது, எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேச வேண்டும்.

"மணிக்கட்டு வழியாகத்தான் செய்வோம் என்றார்கள். பிறகு ஏன் தொடையிலும் குத்தினார்கள்?"

ஸ்டென்ட் போவது தமனி வழியாக. மணிக்கட்டுத் தமனியே அதற்குப் போதும். பேசிங் கம்பி போவது சிரை வழியாக, இதயத்தின் வலது கீழறைக்கு. அதற்குத் தொடை இடுக்கிலோ கழுத்திலோ உள்ள பெரிய சிரையில் நுழைய வேண்டும். வழி வேறு என்பதால் துளையும் வேறு. டாக்டர் மனம் மாறிவிட்டார் என்றோ, கையில் செய்தது தோற்றுவிட்டது என்றோ பொருளில்லை.

"ஷாக் அடிக்குமா? அம்மா பயந்த சுபாவம்."

கம்பி வழியாகச் செல்லும் மின்னோட்டம் மில்லியாம்பியர் கணக்கில்தான் இருக்கும். கம்பியின் நுனி நல்ல இடத்தில் உட்கார்ந்துவிட்டால் 1 மில்லியாம்பியருக்கும் குறைவாகவே இதயம் பதில் சொல்லும். நோயாளிக்கு எதுவும் தெரியாது. சிலருக்குப் படபடப்பு தோன்றும். கம்பியின் நுனி உதரவிதானத்தைத் தூண்டினால் துடிப்புக்குத் துடிப்பு விக்கல் வரும். அப்படி வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள், இடத்தைக் கொஞ்சம் மாற்றினால் நின்றுவிடும்.

கம்பியை வைத்ததும் ஒரு சோதனை நடக்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அதைத்தான். டாக்டர் பெட்டியின் குமிழைத் திருகி மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வருவார். மானிட்டரில் ஒரு குச்சி போன்ற கோடும் அதன் பின்னாலேயே ஓர் அகலமான அலையும் மாறிமாறி ஓடும். ஒரு கட்டத்தில் கோடு மட்டும் வரும், அலை வராது. "இதற்குக் கீழே போனால் இதயம் கேட்காது" என்பதுதான் அந்த எண். உடனே குமிழ் மேலே ஏறும். அந்த எண்ணைப் போல இரண்டு, மூன்று மடங்கில் வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுவார்கள்.

ஷாக் மாதிரி உணர வைப்பது வேறொரு முறை. நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டும் பட்டைகள் வழியாகத் தோலுக்கு மேலிருந்து பேசிங் செய்யலாம். 1952-இல் பால் சோல் என்பவர் தொடங்கிவைத்த வழி அது. மின்னோட்டம் தோலையும் தசையையும் கடந்து போக வேண்டும் என்பதால் பல மடங்கு அதிகம் தேவைப்படும். நெஞ்சுத் தசை வெட்டி வெட்டி இழுக்கும், வலிக்கும். உயிரைப் பிடித்து நிறுத்தும் அவசரத்துக்கு அது. மயக்க மருந்து கொடுத்துச் சிறிது நேரம் ஓட்டுவார்கள், அதற்குள் கம்பி உள்ளே போய்விடும்.

"பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வைக்கவில்லையே. எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன்?"

ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொள்ளும் பெரும்பாலானோருக்கு இந்தக் கம்பி தேவையே இல்லை. இடது பக்கக் குழாயில் சாதாரண அடைப்பு, ஈசிஜியில் மின்கடத்தல் ஒழுங்காக இருக்கிறது என்றால் யாரும் வைக்க மாட்டார்கள். மாரடைப்போடு வந்து ஏற்கெனவே துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தமும் இறங்கி, மருந்துக்கும் மசியாமல் இருப்பவர்களுக்கு வைப்பார்கள். மேலறைக்கும் கீழறைக்கும் தொடர்பு முழுவதுமாக அறுந்துபோனவர்களுக்கு வைப்பார்கள். கல்லாக இறுகிய சுண்ணாம்பு அடைப்பைக் குடைய வேண்டியிருந்தால், அதிலும் வலது தமனியில் என்றால், முன்கூட்டியே வைக்கலாமா என்று யோசிப்பார்கள்.

இதயத்தின் கீழ்ச்சுவரில் வரும் மாரடைப்பு பெரும்பாலும் வலது தமனி அடைப்பால் வருவது. அதில்தான் துடிப்பு குறைவது அதிகம். முன்சுவர் மாரடைப்பில் மின்தொடர்பு அறுந்தால் கதை வேறு. அங்கே சேதமே பெரியது. கம்பி வைத்தாலும் டாக்டரின் முகம் தெளியாது. இரண்டு பேருக்கும் "ஹார்ட் அட்டாக்" என்றுதான் சொல்கிறோம். அதனால் பக்கத்துப் படுக்கையை வைத்து எதையும் கணக்கிடாதீர்கள்.

"காப்பீட்டு அட்டையில் இதெல்லாம் அடங்குமா?"

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தற்காலிகக் கம்பிக்குத் தனியாகப் பணம் கேட்கப்பட்டால், கட்டுவதற்கு முன் மருத்துவமனையிலேயே இருக்கும் காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் அட்டையோடு போய்க் கேளுங்கள். கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிகள் அழைத்த ஸ்டான்லியிலும் அரசு கேத் லேப் இருக்கிறது. பணம் இல்லையே என்று நெஞ்சு வலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

"துடிப்பு குறைந்தால் ஊசி போட்டால் ஆகாதா? இருமினாலே சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே."

முதலில் ஊசிதான். அட்ரோபின் பல நேரங்களில் துடிப்பைத் தூக்கிவிடும். கம்பி என்பது அதற்கு மசியாதவர்களுக்கு.

இருமல் கதையில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது சாகாமல் சுற்றுகிறது. கேத் லேபில் மேசைமேல் படுத்திருப்பவருக்குத் திடீரென்று துடிப்பு விழுந்தால், "இருமுங்க, பலமா இருமுங்க!" என்று நாங்கள் கத்துவது உண்மை. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, ரத்தம் கொஞ்சம் முன்னே தள்ளப்பட்டு, நோயாளி நினைவு தவறாமல் இருப்பார். சில விநாடிகள் கிடைக்கும், அதற்குள் ஊசியோ பேசிங்கோ தயாராகிவிடும். அங்கே மானிட்டர் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ஷாக் இயந்திரம் இருக்கிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். வீட்டில் செய்ய வேண்டியது 108-ஐ அழைப்பது. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அங்கே முதல் மாத்திரைகளைக் கொடுப்பார்கள். 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டம் அதற்காகத்தான். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரம் எது என்பது உங்களுக்கே தெரியும். அதையும் கணக்கில் வைத்துச் சீக்கிரமாகக் கிளம்புங்கள்.

"வைரம் வைத்துக் குடைகிறோம் என்றார் டாக்டர். விளையாட்டாகச் சொன்னாரா?"

விளையாட்டில்லை. சுண்ணாம்பு படிந்து இறுகிய அடைப்பில் பலூன் விரியாது. அதற்கு, நுனியில் வைரத்துகள் பதித்த ஒரு சிறிய குமிழை நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று என்ற அளவில் சுழலவிட்டு அடைப்பைப் பொடியாக்குவார்கள். ரோட்டாப்லேஷன் என்று பெயர். பொடி மிக நுண்ணியது, ரத்தத்தோடு போய்விடும். போகிற வழியில் நுண்குழாய்களைக் கொஞ்ச நேரம் மந்தமாக்கும். வலது தமனியில் இதைச் செய்யும்போது முதல் கேள்வியில் சொன்ன கேட் மூடிக்கொள்ளலாம். அதனால் சில டாக்டர்கள் கம்பியை முதலிலேயே வைத்துவிடுவார்கள். சிலர் மருந்தை வைத்தே சமாளிப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, நிறுத்தி நிறுத்திச் செய்தால் துடிப்பு குறைவதும் குறைவு. இதில் டாக்டருக்கு டாக்டர் வழக்கம் மாறும்.

"கம்பி இதயத்தைக் குத்திவிடாதா?"

குத்தலாம். அரிது, ஆனால் நடக்கும். வலது கீழறையின் சுவர் மெல்லியது. நுனி அதைத் துளைத்தால் இதய உறைக்குள் ரத்தம் தேங்கி இதயத்தை நெரிக்கும். ஆஞ்சியோபிளாஸ்டி செய்பவருக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருப்பார்கள் என்பதால் சிறு கசிவும் பெரிதாகிவிடும். குத்திய இடத்தில் ரத்தக்கட்டு, நாளாக ஆகத் தொற்று, கம்பி உரசுவதால் தாறுமாறான துடிப்பு ஆகியவையும் உண்டு. "எல்லோருக்கும் பாதுகாப்புக்கு ஒன்று வைத்துவிடலாமே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வராத ஆபத்துக்குக் காவல் வைக்கப்போய், காவலாளியே ஆபத்தாகிவிடக் கூடாது.

கம்பி நகர்வதுதான் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. ஒரு முறை, தொடை வழியாகக் கம்பி வைத்திருந்த பெரியவருக்கு இட்லி ஊட்டுவதற்காக, அவருடைய மகன் இரண்டு தலையணைகளை அடுக்கி அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டார். பாசம்தான். தொடை மடங்கியது, உள்ளே நுனி இடம் பெயர்ந்தது. நான் மானிட்டரைத் திரும்பிப் பார்த்தபோது குச்சிக் கோடுகள் மட்டும் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன, பின்னால் அலை இல்லை. நல்லவேளை, அவருடைய சொந்தத் துடிப்பு 38-இல் எழுந்து வந்தது. டாக்டர் கம்பியைச் சரிசெய்யும்வரை அது தாக்குப்பிடித்தது. கால் நீட்டியபடி இருக்கட்டும் என்று நாங்கள் சொன்னால் நீட்டியபடியே இருக்கட்டும். இட்லியைப் படுத்தபடி பிட்டுப் பிட்டுக் கொடுக்கலாம்.

"தனிக் கம்பியே இல்லாமல் பேசிங் செய்யலாம் என்கிறார்களே?"

செய்யலாம். ஸ்டென்ட்டைக் கொண்டுபோகத் தமனிக்குள் மயிரிழை போன்ற ஒரு வழிகாட்டிக் கம்பி ஏற்கெனவே போயிருக்கும். அதன் வெளி நுனியைப் பெட்டியின் ஒரு முனையோடு இணைத்து, மற்ற முனையைத் தோலில் குத்திய ஊசியோடோ ஒட்டிய பட்டையோடோ இணைத்தால், அந்த மயிரிழையே இதயத் தசையைத் தூண்டும். ஜெர்மானிய மருத்துவர் ஆந்த்ரியாஸ் க்ரூன்ட்சிக் 1977-இல் சூரிச்சில் முதல் கரோனரி ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். 1985-க்குள்ளாகவே இந்தக் கம்பித் தந்திரம் மருத்துவ இதழில் வந்துவிட்டது.

சிரையில் துளை வேண்டாம், கீழறையைத் துளைக்கும் பயமும் இல்லை. குறை என்னவென்றால், வழிகாட்டிக் கம்பியை வெளியே எடுத்த நொடியில் பேசிங்கும் போய்விடும். கம்பி கொஞ்சம் நகர்ந்தாலும் தூண்டல் விட்டுப்போகும். சில நிமிடத் தேவைக்கு அழகான வழி. இரவு முழுவதும் துடிப்பைத் தாங்க வேண்டியவருக்கு இது உதவாது.

"மாமாவுக்குக் கம்பி வைத்து 180 துடிக்க வைத்தார்களாம். அப்பாவுக்கு ஏன் 60-இல் நிற்கிறது?"

மாமாவுக்குச் செய்தது வால்வு வேலையாக இருக்கும். கேட்டுப் பாருங்கள். பெருந்தமனி வால்வைப் பலூனால் விரிக்கும்போதும், அறுவை இல்லாமல் புது வால்வு வைக்கும்போதும், சில விநாடிகள் 180, 200 என்று வேகமாகத் துடிக்க வைப்பார்கள். அவ்வளவு வேகத்தில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளாது, வெறுமனே படபடக்கும். அந்த அமைதியில் வால்வு நழுவாமல் உட்காரும்.

அடைப்பு உள்ள இதயத்தில் நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. வேகம் கூடக் கூடத் தசைக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை, குழாயோ அடைத்திருக்கிறது. அதனால் ரத்த அழுத்தம் நிற்கும் அளவுக்கு 60, 70 போதும். இன்னொன்றும் உண்டு. கீழறையைத் தனியாகத் தூண்டும்போது மேலறை தரும் கடைசித் தள்ளு வீணாகிறது. துடிப்பு எண் ஏறியும் அழுத்தம் ஏறவில்லையே என்று சில நேரம் நாங்கள் விழிப்பதற்கு அதுவே காரணம்.

"ரத்தம் திரும்ப ஓட ஆரம்பித்தபோதுதான் நிலைமை மோசமானது என்றார்கள். ரத்தம் வந்தால் நல்லதுதானே?"

நல்லதுதான், தசையைக் காப்பாற்ற அதைத் தவிர வேறு வழியே இல்லை. ஆனால் ரத்தம் திரும்பும் நொடிக்கு ஒரு விலை உண்டு. வலது தமனி திறந்ததும் இதயச் சுவரிலுள்ள நரம்புகள் மூளைக்குத் தவறான செய்தி அனுப்பி, துடிப்பும் அழுத்தமும் ஒன்றாக விழலாம். திரையில் "அடைப்பு போய்விட்டது" என்று எல்லோரும் பெருமூச்சு விடும் அதே நேரத்தில் மானிட்டர் அலறும். கம்பி தயாராக இருந்தால் பெட்டி அந்த இடத்தில் கைகொடுக்கும்.

இரண்டாவது விலை கண்ணுக்குத் தெரியாது. பட்டினி கிடந்த தசைக்குள் ஆக்சிஜன் திடீரென்று புகும்போது, செல்லுக்குள் கால்சியம் குவிந்து, பிழைத்திருக்கக்கூடிய செல்களிலும் சில சாகின்றன. நாள் கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு இலை நிறையச் சோறு போட்டால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும், கஞ்சியில்தான் தொடங்குவார்கள். அடுத்த கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது.

"பேசிங் செய்தே இதயத் தசையைச் சாகாமல் காப்பாற்றலாம் என்று படித்தேன். உண்மையா?"

இதைக் கேட்டவர் பி.எஸ்சி. படிக்கும் பெண், அப்பா துறைமுகத்தில் சுமை தூக்குபவர். நான் பதில் சொல்ல ஒரு வாரம் படிக்க வேண்டியிருந்தது. 1986-இல் அமெரிக்காவில் மர்ரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகிய மூவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். நாய்களின் இதயத் தமனியை 40 நிமிடம் அடைத்தார்கள். அதற்கு முன்பு, ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்திருந்தால், செத்துப்போன தசையின் அளவு மற்ற நாய்களில் இருந்ததில் ஏறக்குறைய கால் பங்குதான். சிறு சிறு பட்டினி, பெரும் பட்டினியைத் தாங்கப் பழக்கிவிட்டது. ஆனால் மாரடைப்பு முன்னறிவிப்போடு வருவதில்லையே. 2003-இல் வேறொரு குழு இதைத் திருப்பிப் போட்டது. அடைப்பைத் திறக்கும்போது ஒரேயடியாகத் திறக்காமல், 30 விநாடி திறந்து 30 விநாடி மூடி, இப்படி மூன்று முறை செய்தார்கள். அப்போதும் நாய்களின் இதயத்தில் சேதம் குறைந்தது. கஞ்சியில் தொடங்கியது போல.

பேசிங் இங்கே நுழைகிறது. கீழறையை ஓர் ஓரத்திலிருந்து தூண்டினால் அந்தப் பக்கம் முதலில் சுருங்கும், எதிர்ப்பக்கம் தாமதமாகச் சுருங்கும். தேர் வடத்தை ஒரு பக்கத்தார் முன்னால் இழுத்துவிட்டால் மறுபக்கத்தார் கையில் வடம் எப்படித் துவண்டும் விறைத்தும் போகுமோ, அப்படித் தசையின் சில பகுதிகள் தளரும், சில இழுபடும். இந்த இழுபறியே செல்லுக்குள் தற்காப்பைத் தட்டி எழுப்பும் என்பது நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்களின் கருத்து. முயல் இதயங்களில் 2006-இல் அதைக் காட்டினார்கள். தமனியை மறுபடி மூடித் திறக்க வேண்டாம், பெட்டியை விட்டு விட்டு ஓட்டினாலே போதும் என்பது அதன் கவர்ச்சி. கம்பி ஏற்கெனவே உள்ளே இருக்கும் நோயாளிக்கு இது கூடுதல் செலவே இல்லாத வைத்தியம் ஆகிவிடுமல்லவா?

மனிதர்களிடமும் செய்துபார்த்தார்கள். அடைப்பு திறந்ததும் அரை நிமிடம் பேசிங், அரை நிமிடம் இயல்பு என்று திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறது என்று தெரிந்தது. ஆனால் அதனால் தசை மிஞ்சுகிறது, ஆயுள் கூடுகிறது என்று நிலைநாட்டப்படவில்லை. ஆகவே அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இது: உன் அப்பாவுக்கு வைத்த கம்பி துடிப்பைக் காப்பாற்றத்தான். தசையைக் காப்பாற்றியது, அவர் வலி தொடங்கியதும் வேலையைப் போட்டுவிட்டு ஆட்டோ ஏறியது.

"நாய்க்கும் முயலுக்கும் பலித்தது மனிதனுக்கு ஏன் பலிக்கவில்லை? நம் ஊரில் வசதி இல்லாததாலா?"

வசதி உள்ள நாடுகளிலும் இது வழக்கமான சிகிச்சை அல்ல. இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற வழிகளுக்கும் அதே கதிதான். பலூனை ஊதி இறக்கும் முறையை டென்மார்க்கில் 1,234 பேரிடம் பார்த்தார்கள், பயனில்லை. புஜத்தில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கித் தளர்த்தும் எளிய முறைக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 2019-இல் வெளிவந்த, 5,401 மாரடைப்பு நோயாளிகளிடம் செய்த சோதனையில் அதுவும் எடுபடவில்லை.

ஆய்வுக்கூட முயல் இளமையானது. அதற்குச் சர்க்கரை இல்லை, பீடி இல்லை. அடைப்பு எந்த நிமிடம் தொடங்கியது, எந்த நிமிடம் முடிந்தது என்று கடிகாரம் வைத்துச் சொல்லலாம். எங்கள் மேசைக்கு வருபவருக்கு 60 வயது, 15 ஆண்டுச் சர்க்கரை, நேற்றிரவே லேசாக வலித்ததை வாயு என்று நினைத்துச் சோடா குடித்தவர். அந்த லேசான வலிகளே அவர் இதயத்தை ஓரளவு பழக்கியும் இருக்கலாம். அதற்கு மேல் நாம் பழக்க இடம் குறைவு. மாத்திரைகள் வேறு ஏற்கெனவே தங்கள் பங்கைச் செய்கின்றன. இது நானாகச் சொல்லும் சாக்கு அல்ல, ஆராய்ச்சியாளர்களே சொல்லும் காரணங்கள் இவை.

"பாட்டிக்கு ஏற்கெனவே பேஸ்மேக்கர் இருக்கிறது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்யலாமா?"

தாராளமாக. துடிப்பு விழுந்தால் அந்தக் கருவியே பார்த்துக்கொள்ளும், தற்காலிகக் கம்பி பெரும்பாலும் தேவைப்படாது. கருவியோடு கொடுத்த அட்டையை மறக்காமல் கொண்டுவாருங்கள். அண்மையில் வைத்த கருவி என்றால், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"கம்பியை எப்போது எடுப்பார்கள்? எடுத்தபின் நின்றுவிட்டால்?"

முன்னெச்சரிக்கையாக வைத்தது என்றால் வேலை முடிந்ததும் மேசையிலேயே எடுத்துவிடலாம். தொடர்பு அறுந்ததற்காக வைத்தது என்றால் ஐ.சி.யு.வில் சில நாள் இருக்கும். தினமும் பெட்டியின் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள், அடியில் சொந்தத் துடிப்பு எழுகிறதா என்று. எழுந்து, நிலைத்து, ஒரு நாளாவது பெட்டி சும்மா இருந்தால் எடுத்துவிடுவார்கள். கீழ்ச்சுவர் மாரடைப்பில் பெரும்பாலானோருக்குச் சில நாள்களிலேயே கேட் திறந்துவிடும். அதனால்தான் நிரந்தரக் கருவிக்கு டாக்டர்கள் அவசரப்படுவதில்லை. குறைந்தது ஐந்து நாளாவது பார்ப்பார்கள். அதன் பிறகும் திறக்காவிட்டால் "பி.பி.ஐ." பேச்சு வரும்.

"மூன்று நாளாகப் பார்க்கிறேன், பெட்டியில் 'பேஸ்' என்ற விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை. அப்படியானால் வீணாகத்தானே வைத்தார்கள்?"

இதைக் கேட்டது திருவொற்றியூர்க்காரர் ஒருவர். அண்ணன் படுக்கையருகே நாற்காலி போட்டு இரவெல்லாம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர். பெட்டியில் இரண்டு விளக்குகள் உண்டு. இதயம் தானே துடித்தால் 'சென்ஸ்' விளக்கு சிமிட்டும். பெட்டி அதைக் கேட்டுக்கொண்டு வாய் மூடி இருக்கும். குறித்த நேரத்துக்குள் துடிப்பு வராவிட்டால் மட்டுமே 'பேஸ்' விளக்கு எரியும். பெட்டி இதயத்தோடு போட்டி போடாமலிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். தவறான நொடியில் தூண்டினால் தாறுமாறான துடிப்பு கிளம்பிவிடும்.

அவரிடம் 'சென்ஸ்' விளக்கைக் காட்டினேன். அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணச் சொன்னேன். விளக்கும் நாடியும் ஒன்றாக வந்தன. மறுநாள் காலை ரவுண்ட்ஸில் கம்பியை எடுத்தார்கள். அவர் பெட்டியை ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே எந்த பேட்டரி சிஸ்டர்?" என்று கேட்டார். பெட்டியின் பின் மூடியைத் திறந்து காட்டினேன். கடையில் வாங்குகிற சாதாரண 9 வோல்ட் பேட்டரிதான்.